காலி என்பது எவ்வளவு?

'காலி' என்ற சொல் அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாகத் தென்னிந்திய மொழிகளுக்குள் வந்தது. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் தக்காணி உருதுவிலும் ஏறக்குறைய ஒரே ஒலியோடும் ஒரே பொருளோடும் வழங்குகிறது. பேருந்து காலி, வீடு காலி, பை காலி, தொட்டி காலி. இத்தொடர்களில் அச்சொல் பெரும்பாலும் சுழியைக் குறிப்பதில்லை. ஐந்தாறு பேர் அமர்ந்திருக்கும் பேருந்தும் காலிதான். அடியில் நான்கு விரற்கடை நீர் தேங்கியிருக்கும் தொட்டியும் காலிதான். எது வரை காலி என்பதில் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே ஓர் உடன்பாடு இருக்கிறது. மனிதர்களுக்குள் அது வாய்விட்டுச் சொல்லப்படாமலே இயங்கிவிடும். ஆனால் ஒரு நீர்மட்ட உணரியைத் தொட்டியில் பொருத்தும்போது அந்த உடன்பாட்டை எண்ணாக எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். அளவுத்திருத்தம் என்று பொறியியலார் அழைக்கும் செயலின் ஒரு பாதி இதுதான்.

மறுபாதி இயற்பியல். பாடநூல்கள் அந்தப் பாதியை விரிவாகவே கற்பிக்கின்றன. முதல் பாதியைக் கற்பிக்கும் நூல் அரிது. அது எங்கே கற்கப்படுகிறது என்பதற்கு ஐதராபாத்தில், ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் மாணவர் விடுதி மாடியில் நடந்த ஒரு சிறிய பணி நல்ல சான்று. அறுபது பேர் தங்கும் மூன்றடுக்குப் பகுதி அது. மொட்டை மாடிக்கு மேல், இரும்புச் சட்டங்களாலான மேடையில், ஆயிரம் லிட்டர் கொள்ளும் நான்கு கறுப்பு நெகிழித் தொட்டிகள். கீழே தரைமட்டத் தொட்டி ஒன்று. குழாய்நீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். கோடையில் லாரி வரும். கீழிருந்து மேலே நீரேற்றும் மோட்டாரை இயக்குபவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஒப்பந்தத் தொழிலாளர். மாணவர்கள் அவரை 'அன்னா' என்று அழைக்கிறார்கள்.

நாளொன்றுக்கு நான்கு முறையேனும் அவர் செங்குத்தான இரும்பேணியில் ஏறி மட்டம் பார்ப்பார். மழைக்காலத்தில் அந்த ஏணியின் படிகள் வழுக்கும். மேலே ஏறினாலும் எப்போதும் மூடியைத் திறப்பதில்லை. சாவிக்கொத்தால் தொட்டியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். நீர்மட்டத்துக்கு மேல் ஒலி கூடாக ஒலிக்கும். மட்டத்தைத் தாண்டியதும் அடங்கிப் போகும். வெயில் நேரத்தில் தட்டவும் தேவையில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கீழே இறக்கினால், சுடுவது நின்று குளிரத் தொடங்கும் இடம் நீர்மட்டம். நீரைத் தொடாமல் நீரை அளக்கும் முறைகள் இவை. தொடா உணரி என்று இன்று விற்கப்படும் கருவிகளும் அடிப்படையில் இதையே செய்கின்றன. நீரையன்றி வேறொன்றை அளந்து, அதிலிருந்து நீரை ஊகிக்கின்றன.

கருவியியல் முதுகலை மாணவர் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இத்தொட்டிகளில் உணரி பொருத்தும் பணியை எடுத்துக்கொண்டார்கள். நிர்வாகம் சிறு தொகை ஒதுக்கியது. தொட்டி நிரம்பி வழிந்து நீர் வீணாவதைத் தடுப்பது என்பது விண்ணப்பத்தில் எழுதப்பட்ட நோக்கம். கருவி வந்துவிட்டால் மாலை நேரப் பணிமுறையை நிறுத்திவிடலாம் என்பது எழுதப்படாத நோக்கம். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அன்னாவுக்கும்.

தொடாமல் அளப்பது ஏன்? மிதவை மலிவானது, எளிது. ஆயினும் ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரில் உப்புப் படிந்து அதன் கீல் சிக்கிக்கொள்ளும். நீருக்குள் இறங்கும் மின்முனைகள் அரிக்கும். அமிலத் தொட்டியில் எதை இறக்கினாலும் கெடும். பால் தொட்டியில் எதை இறக்கினாலும் பால் கெடும். கழிவுநீர்த் தொட்டியிலோ மூடியைத் திறப்பதே ஆபத்து. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வளி ஓரிரு மூச்சில் ஆளை வீழ்த்தக்கூடியது. பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னரும் அச்சாவுகள் நிற்கவில்லை. வெளியில் இருந்தபடியே மட்டத்தை அறியும் கருவிக்கு அங்கே உயிரின் மதிப்பு உண்டு. விடுதி மாடியில் ஆபத்து அத்தனை பெரிதன்று. ஆனாலும் மழையில் நனைந்த ஏணி ஒருவருக்குப் போதுமானது.

மாணவர்கள் இரண்டு வகை உணரிகளைத் தேர்ந்தார்கள். முதலாவது மீயொலி உணரி. மூடியில் கீழ்நோக்கிப் பொருத்தப்படும் இக்கருவி, மனிதச் செவிக்கு எட்டாத, 40 கிலோஹெர்ட்ஸ் அளவிலான ஒலித்துடிப்பு ஒன்றை அனுப்புகிறது. ஒலி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தொலைவு கிடைக்கும். ஒரு மீட்டர் கீழே உள்ள நீரிலிருந்து எதிரொலி வந்துசேர ஏறத்தாழ 5.8 மில்லிநொடி ஆகிறது. கருவி உண்மையில் அளப்பது இந்த நேரத்தை மட்டுமே. தொலைவு, மட்டம், லிட்டர், விழுக்காடு ஆகிய அனைத்தும் மனிதர் அதன்மேல் அடுக்கும் ஊகங்கள்.

பொருத்துவதில் முதற்சிக்கல் குருட்டுப் பகுதி. துடிப்பை அனுப்பிய சவ்வு சிறிது நேரம் தானே அதிர்ந்துகொண்டிருக்கும். அடித்த மணி உடனே அடங்காதது போல. அந்த அதிர்வு ஓயும் முன் வரும் எதிரொலியைக் கருவியால் பிரித்தறிய இயலாது. நீர்புகா வகை மலிவு உணரிகளில் இப்பகுதி 20 முதல் 25 செ.மீ. வரை. மூடியிலேயே பொருத்தினால், தொட்டி நிறையும் கடைசி 20 செ.மீ. கருவிக்குத் தெரியாது. வழிவதைத் தடுக்க வேண்டிய கருவி வழியும் வேளையில் குருடாகிவிடும். ஆகவே அகன்ற குட்டைக் குழாய் ஒன்றை மூடிமீது கழுத்துபோல நிறுத்தி, அதன் உச்சியில் உணரியை வைத்தார்கள். கழுத்து நீளமாகவும் குறுகலாகவும் இருந்தால் அதன் உள்விளிம்பே பொய் எதிரொலி தரும். முதலில் வாங்கிய குழாய் அப்படித்தான் பொய் சொன்னது. அகலமானதொன்றை வாங்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது சிக்கல் ஒலி கூம்பாக விரிவது. 15 டிகிரி கோணத்தில் விரியும் கற்றை 1.2 மீ. கீழே ஏறத்தாழ 32 செ.மீ. அகலத்துக்குப் பரவிவிடும். நீர் கொட்டும் குழாயோ பக்கச்சுவரின் வரிப்புடைப்போ அக்கூம்புக்குள் வந்தால் அதன் எதிரொலியே முதலில் திரும்பும். உணரி நீர்ப்பரப்புக்கு நேர்செங்குத்தாகவும் நிற்க வேண்டும். கவிந்த மூடியின் சரிவில் ஒட்டவைத்தால் ஒலி பக்கவாட்டில் தெறித்துப் போகும். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகும் விடியற்காலையில் அளவுகள் குதித்தன. இரவின் குளிரில் உணரியின் முகத்தில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தன.

இரண்டாவது வகை, மின்தேக்குத்திறனை உணரும் கருவி. இதைத் தொட்டியின் வெளிச்சுவரில் ஒட்டினால் போதும். சுவருக்கு அப்பால் இருப்பது காற்றா நீரா என்பதைப் பொறுத்து உணரித்தகட்டின் மின்தேக்குத்திறன் மாறுகிறது. நீரின் மின்கடத்தா மாறிலி ஏறத்தாழ 80, காற்றுக்கு 1. வேறுபாடு பெரிதாதலால் நெகிழிச் சுவரையும் ஊடுருவி அது தெரிகிறது. உலோகத் தொட்டிக்கு இம்முறை பயன்படாது. இது மட்டத்தைத் தொடர்ச்சியாகச் சொல்லாது. ஒட்டிய இடத்தில் நீர் உண்டா, இல்லையா என்று மட்டும் சொல்லும். தட்டுக்கும் சுவருக்கும் இடையே காற்று நுழைந்தால் பிழை. நீர் இறங்கிய பின்னும் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஈரப்படலம் 'உண்டு' என்று சொல்லவைக்கும். உப்புப் படிவு தடிக்கத் தடிக்க உணர்திறனைத் திருகி மாற்ற வேண்டும். மட்டம் தட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது ஒருமுறையும் மேலே இருக்கும்போது ஒருமுறையும் சோதித்து, இரண்டுக்கும் இடையில் திருகாணியை நிறுத்துவதே இதன் அளவுத்திருத்தம்.

எல்லாம் பொருத்தி முடிந்தபோது ஏப்ரல் தொடங்கியிருந்தது. ஒரு காலை வேளையில், 25 டிகிரி வெப்பத்தில், இரண்டு புள்ளிகளைக் கொண்டு மீயொலி உணரியைத் திருத்தினார்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது உணரியிலிருந்து நீர் 25 செ.மீ. தொலைவு, அடித்தளம் வரை 130 செ.மீ. இடைப்பட்ட 105 செ.மீ. நூறு விழுக்காடு. உட்குறுக்களவு ஏறத்தாழ 1.1 மீ. ஆதலால் ஒவ்வொரு செ.மீ. உயரமும் சுமார் 9.5 லிட்டர். கணக்கில் குறையில்லை. கீழே வரவேற்பறைத் திரையில் விழுக்காடு ஒளிர்ந்தது.

ஒருவாரம் கழித்து, பிற்பகல் மூன்று மணிக்கு மூன்றாம் மாடிக் குழாய்கள் வறண்டன. திரையில் 12 விழுக்காடு. நான்கு தொட்டிகளிலும் சேர்த்து 480 லிட்டர் இருக்கவேண்டும் என்று கருவி சொன்னது. ஒரு சொட்டும் வரவில்லை. கீழ்த்தளத்திலிருந்து குரல்கள் எழுந்தன. அன்னா மேலே ஏறி, கையை வைத்துப் பார்த்து, "காலி" என்றார்.

அவர் சொன்னதும் கருவி சொன்னதும் ஒரே தொட்டியைப் பற்றித்தான். வேறுபாடு இரண்டு இடங்களில் இருந்தது.

ஒன்று, வெளியேறு குழாய் அடித்தளத்தில் இல்லை. வண்டல் குழாய்க்குள் போகாதிருக்க அது 8 செ.மீ. மேலே வைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே உள்ள நீர் ஒருபோதும் வெளிவராது. அணைகளில் இதைச் செத்த கொள்ளளவு என்பார்கள். இங்கே தொட்டிக்கு 76 லிட்டர். கருவிக்குச் சுழி என்பது நெகிழித் தளம்; குழாயடியில் வாளியோடு நிற்பவருக்குச் சுழி என்பது அந்த எட்டாவது செ.மீ.

மற்றொன்று வெப்பம். காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடுகிறது. 25 டிகிரியில் நொடிக்கு ஏறத்தாழ 346 மீ.; 45 டிகிரியில் ஏறத்தாழ 359 மீ. ஏப்ரல் வெயிலில் கறுப்புத் தொட்டிக்குள் அடைபட்ட காற்று 45 டிகிரியை எட்டியிருந்தது. எதிரொலி விரைந்து திரும்பியது. நீர் அருகில் இருப்பதாகக் கருவி எண்ணிக்கொண்டது. நீர் 122 செ.மீ. கீழே இருந்தபோது 118 செ.மீ. என்றது. உண்மையில் எட்டரை விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த மட்டம் 12-க்கு அருகில் தெரிந்தது. இதே வெப்பத்தில் தொட்டி நிறைந்திருந்தால் பிழை ஒரு செ.மீ. கூட இராது. தொலைவு கூடக் கூடப் பிழையும் கூடுகிறது. அதாவது தொட்டி வறளும்போதுதான் கருவி மிகையாக நம்பிக்கை தருகிறது. அதுவும் நீர் மிகுதியாகத் தேவைப்படும் கடும் வெயிலில். நிறைந்த தொட்டியில், குளிர்ந்த காலையில் சோதித்துப் பார்ப்பவருக்கு இப்பிழை தென்படவே தென்படாது.

வெப்பத்துக்குத் தீர்வு எளிது. வெப்ப உணரி ஒன்றைச் சேர்த்து ஒலிவேகத்தை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டார்கள். அதை மூடியில் ஒட்டினால் உச்சிக் காற்றின் மிகைவெப்பமே கிடைக்கும் என்பதால், 40 செ.மீ. கீழே தொங்கவிட்டார்கள். தொட்டி நிறையும்போது அது நீரில் மூழ்கும். ஆனால் அப்போது தொலைவு குறைவு, பிழையும் பொருட்டில்லை.

சுழியைத் திருத்துவதற்குத்தான் அன்னா தேவைப்பட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டி ஒன்றை நிறைத்து மற்ற மூன்றின் வால்வுகளை மூடிவிட்டு, கீழே இருபது லிட்டர் கேன்களில் நீரைப் பிடித்து எண்ணத் தொடங்கினார்கள். பிடித்த நீர் சமையலறைக்கும் தோட்டத்துக்கும் போயிற்று. ஐந்து கேன்களுக்கு ஒருமுறை அந்தப் பெண் திரையின் எண்ணைக் குறித்தார். அன்னா மேலே தொட்டியில் சாக்பீசால் கோடு கிழித்தார். கணக்குப்படி ஐம்பது கேன் வரவேண்டும். நாற்பத்தாறு நிறைந்து, நாற்பத்தேழாவது கால்பங்கு கூட நிரம்பாமல் குழாய் நின்றது. எழுபத்தாறு லிட்டரை அவர்கள் அன்று கண்ணால் கண்டார்கள். மூன்றாம் மாடிக் குழாய்கள் அதற்கு முன்பே, நாற்பத்து மூன்றாம் கேனிலேயே மெலிந்துவிட்டன. தொட்டிக்கு நேர்கீழே இருக்கும் தளத்துக்கு நீரழுத்தம் மிகக் குறைவு. கீழ்த்தளத்துக்குக் காலியாவதற்கு முன்பே மேல்தளத்துக்குக் காலியாகிவிடுகிறது.

அன்று வெளிப்பட்ட இன்னொரு செய்தி எந்த வரைபடத்திலும் இல்லாதது. நான்கு தொட்டிகளும் அடியில் ஒரே குழாயால் இணைந்தவை, ஆகவே ஒன்றின் மட்டமே நான்கின் மட்டம் என்று மாணவர்கள் கொண்டிருந்தார்கள். நான்காவது தொட்டியின் இணைப்பில் வண்டல் அடைத்திருப்பதால் அது மற்றவற்றைவிட மெதுவாக இறங்கும் என்றார் அன்னா. அவர்கள் உணரி பொருத்தியிருந்தது அந்த நான்காவது தொட்டியில்தான். ஏணிக்கு அருகில் இருந்ததால் அதைத் தேர்ந்திருந்தார்கள். "முன்பே சொல்லியிருக்கலாமே, அன்னா" என்றதற்கு, "நீங்கள் கேட்கவில்லையே, அம்மா" என்றார். அந்த விடையில் கோபம் இல்லை.

லாரி நீரைப் பற்றியும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. படுக்கைவாட்டில் கிடக்கும் உருளைத் தொட்டியில் பாதி உயரம் பாதி நீர்தான். ஆனால் கால் உயரம் கால் பங்கு நீர் ஆகாது. வடிவியல்படி அது ஏறத்தாழ 19.5 விழுக்காடு, பத்தில் ஒரு பங்கு உயரத்திலோ 5.2 விழுக்காடு மட்டுமே. அவருக்கு இவ்வெண்கள் தெரியாது. கோலை விட்டுப் பார்க்கையில் அடியில் தெரியும் நீளத்தை நம்பக்கூடாது என்பது தெரியும். பெட்ரோல் நிலையங்களின் நிலத்தடித் தொட்டிகளுக்கு உயரத்தையும் லிட்டரையும் இணைக்கும் அட்டவணை தனியாக வைத்திருப்பது இதே காரணத்தால்தான்.

பொருண்மையியலில் இச்சிக்கலுக்கு ஒரு பெயர் உண்டு. கிறிஸ்டபர் கென்னடியும் லூயிஸ் மக்னாலியும் 2005-இல் எழுதிய கட்டுரை, படிநிலைப் பெயரடைகளை அவற்றின் அளவுகோலின் அமைப்பைக் கொண்டு பிரிக்கிறது. 'உயரமான' என்பதன் அளவுகோலுக்கு முடிவில்லை. எவ்வளவு உயர்ந்தால் உயரம் என்பது சூழலைப் பொறுத்தது. 'நிறைந்த', 'காலியான' ஆகியவற்றின் அளவுகோலோ இருமுனையும் மூடியது. இயல்பாக அவற்றின் பொருள் முனைப்புள்ளியிலேயே நிலைகொள்கிறது. ஆயினும் அன்றாடப் பேச்சு அம்முனையை ஒரு பட்டையாக அகட்டிக்கொள்கிறது. அந்தப் பட்டையின் அகலத்தைத் தீர்மானிப்பது பேச்சின் நோக்கம். பொறியாளர் முனையை எடுத்துக்கொண்டார். அன்னா பட்டையைப் பேசினார். இருவருமே சொல்லைச் சரியாகத்தான் ஆண்டார்கள்.

பட்டை நாள்முழுவதும் ஒரே அகலத்தில் நிற்பதுமில்லை. காலை பத்து மணிக்கு 40 விழுக்காடு என்றால் அன்னாவுக்கு நிம்மதி; குளியல் முடிந்துவிட்டது, மோட்டார் போட நேரம் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு அதே 40 விழுக்காடு அவர் மொழியில் காலி. நான்கு தொட்டிகளில் 1,600 லிட்டர். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் அறுபது பேர் ஆளுக்கு இரண்டு வாளி எடுத்தால் 2,400 லிட்டர் வேண்டும். அவருடைய இரவுப்பணி பத்து மணிக்கு முடிகிறது, பகற்பணி ஏழுக்குத் தொடங்குகிறது. இடைப்பட்ட வேளையில் மோட்டாரைத் தொட ஆளில்லை. ஒரே மட்டம், ஒரே விழுக்காடு, ஒரே கருவி, பொருள் வேறு. தேர்வுக்காலத்தில் மாணவர்கள் விடிய விடிய விழித்திருப்பதால் அது மீண்டும் மாறும். பண்டிகை விடுமுறையில் மறுபடியும் மாறும்.

"விழுக்காடு எனக்கு எதற்கு?" என்று அவர் கேட்டதை மாணவர்கள் முதலில் கல்வியின்மையாகக் கருதினார்கள். பிறகு அது கேள்வியாகவே புரிந்தது. திரையை மாற்றினார்கள். வெளிவராத நீர் கழிக்கப்பட்டு, எஞ்சியது வாளிக்கணக்கில் தெலுங்கில் தெரிந்தது. அதன் கீழே, மணியையும் சேர்த்துக் கணக்கிட்டு, அவர் சொல்லிக்கொடுத்த நான்கு தொடர்களில் ஒன்று வரும்: 'காலை வரை போதும்', 'ஒரு குளியல் வேளைக்குத் தாங்கும்', 'மோட்டார் போடவேண்டும்', 'இனி லாரிதான்'. உணரி நல்ல தொட்டிக்கு இடம்பெயர்ந்தது. மின்தேக்குத்திறன் உணரிகளில் ஒன்றை வெளியேறு குழாய்க்குச் சற்று மேலேயும் மற்றொன்றை வழிகுழாய்க்குச் சற்றுக் கீழேயும் ஒட்டினார்கள்.

மோட்டாரைத் தொடங்கும் மட்டமும் நிறுத்தும் மட்டமும் ஒன்றாக இருக்கலாகாது என்பதும் அப்போது முடிவாயிற்று. நீர் கொட்டும்போது பரப்பு அலைகிறது. ஒரே எல்லை வைத்தால் ஒவ்வோர் அலைக்கும் மோட்டார் நின்று நின்று இயங்கி எரிந்துபோகும். தொடங்க 35, நிறுத்த 95 என இடைவெளி விட்டார்கள். பத்து அளவுகளின் நடுமதிப்பை எடுத்து, பிசகியவற்றைக் கழித்தார்கள். வழிகுழாயில் முதல் துளியைக் கண்டதும் அன்னா மோட்டாரை நிறுத்தியதில்லை. சற்று நின்று, நீர் சீராக வழிகிறதா என்று பார்த்தே நிறுத்துவார். நிரலில் எழுதப்பட்டது அந்தப் பொறுமையே.

இரண்டு வேறு இயற்பியல் முறைகளை ஒரே தொட்டியில் வைப்பது செலவைக் கூட்டும் ஆடம்பரமன்று. இங்கிலாந்தின் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் அருகே பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அதிகாலை, 912-ஆம் எண் தொட்டியில் பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருந்தது. மட்டமானி சிக்கிக்கொண்டது. அது தொடா வகையன்று. ஆனால் பாடம் எல்லா வகைக்கும் பொது. திரை மாறாத ஒரே மட்டத்தைக் காட்டியது. பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது. அதற்கு முந்தைய சில மாதங்களில் அம்மானி பலமுறை சிக்கியிருந்தது. தனித்து இயங்க வேண்டிய உயர்மட்ட நிறுத்தியும் இயங்கவில்லை. அதன் சோதனை நெம்புகோலை உரிய நிலையில் இருத்திவைக்கும் பூட்டு பொருத்தப்படாமல் இருந்தது. அப்பூட்டு எதற்கு என்பது அதைக் கையாண்டவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. காலை ஆறு மணியளவில் வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். ஞாயிறு விடியலாதலால் உயிரிழப்பு இல்லை. இரண்டு பாதுகாப்புகள் இருந்தும், இரண்டையும் பொருளறிந்து கண்காணிப்பவர் இல்லாததால் இரண்டும் ஒருசேரத் தோற்றன. மாறாமல் நிற்கும் எண் அமைதியின் அடையாளமாகவும் இருக்கலாம். கருவி செத்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். திரையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

விடுதியின் நிரலில் இதற்கென ஒரு விதி சேர்ந்தது. பகல் வேளையில் இரண்டு மணிநேரம் எண் அசையாவிட்டாலோ, இரு வகை உணரிகளும் முரண்பட்டாலோ, திரை எந்த எண்ணையும் காட்டாது. 'மேலே பார்க்கவும்' என்று மட்டும் சொல்லும்.

இவ்விதியே நிர்வாகத்துக்கு உவப்பாக இல்லை. மேலே பார்க்க ஒருவர் வேண்டும் என்றால் கருவி எதற்கு என்ற கேள்வி எழுந்தது. மாணவர்களின் அறிக்கை இதற்கு உணர்ச்சிவயப்படாமல் விடை சொன்னது. நாளுக்கு நான்கு முறை ஏறுவது, வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைந்திருக்கிறது; மழையில் ஏறவே வேண்டியதில்லை. தொட்டி வழிவது ஏறத்தாழ நின்றுவிட்டது. கருவியால் கிடைத்த ஆதாயம் இவ்வளவு. ஆனால் உப்புப் படிவு, வண்டல், பருவம், மாணவர் எண்ணிக்கை ஆகியவை மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு பருவத்திலும் அளவுத்திருத்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். அதைச் செய்யத் தகுதியுடையவர் இத்தொட்டிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவர். அறிக்கையின் பின்னிணைப்பில் அளவுத்திருத்தப் பதிவேட்டின் படிவம் இருந்தது. தேதி, வெப்பம், கேன் எண்ணிக்கை, திரை எண் ஆகியவற்றுக்குப் பின் கடைசிக் கட்டம் 'அளந்தவர் கையொப்பம்'. ஏப்ரல் மாதத்து அந்தக் கட்டத்தில் அன்னா தெலுங்கில் கையெழுத்திட்டிருக்கிறார். மாலைப் பணிமுறை பற்றிய முடிவு அடுத்த ஒப்பந்தம் வரை ஒத்திவைக்கப்பட்டுள்ளது. அது எப்படி முடியும் என்பதைக் கையொப்பம் தீர்மானிக்கப் போவதில்லை. ஆனால் இனி அவருடைய அறிவு எழுத்தில் இருக்கிறது, அவருடைய பெயரில் இருக்கிறது.

நீர்மட்ட உணரி இன்று இளநிலை மாணவர்களின் முதல் செயல்திட்டங்களுள் ஒன்று. ஓரிரு நூறு ரூபாய்க்கு உணரி கிடைக்கிறது. நிரல் ஆயத்தமாகக் கிடைக்கிறது. மாலைக்குள் திரையில் எண் வந்துவிடுகிறது. அறிக்கைகளில் துல்லியம், பிரிதிறன், பிழைவிகிதம் ஆகியவற்றுக்குத் தலைப்புகள் உண்டு. சுழி எங்கே வைக்கப்பட்டது, அதை வைத்தவர் யார், அந்த நீரைப் பயன்படுத்துபவரிடம் கேட்கப்பட்டதா என்பதற்குத் தலைப்பு இருப்பதில்லை. வழிகாட்டிகள் அந்த ஒரு பத்தியைக் கட்டாயமாக்கலாம். கருவியியல் துறைக்கு மட்டும் உரிய அறிவுரை அன்று இது. வருகைப்பதிவில் 75 விழுக்காடு, வறுமைக்கோடு, தேர்ச்சி மதிப்பெண் எனச் சமூக அறிவியலும் கல்வித்துறையும் கையாளும் எல்லைகள் யாவும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு காலையில், ஏதோ ஒரு வெப்பநிலையில் வைத்த சுழிகளே. அவற்றுள் எவை நாற்பத்தாறு கேன்களில் நிற்கின்றன என்பதைக் குழாயடியில் நிற்பவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும்.